டேங்குக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்: எரிசக்திச் சேமிப்புக் கையேடு போடும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அதிகாரிகளுக்கு, வணக்கம்.

ஒவ்வொரு வருஷமும் குளிர் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் உங்கள் கையேடு வீட்டுக்கு வந்துவிடுகிறது. வந்ததும் குப்பையில் போடுகிற ஆள் இல்லை நான். உட்கார்ந்து முழுசாகப் படிப்பேன், போன வருஷத்துக் கையேட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எதை மாற்றியிருக்கிறீர்கள் என்று பார்ப்பேன். எல்இடி பல்பு போடச் சொன்னீர்கள், போட்டேன். டிவியை ரிமோட்டில் அணைத்தால் போதாது, சுவிட்சையும் அணைக்கச் சொன்னீர்கள், அணைக்கிறேன். வீட்டுச் சூட்டைக் கட்டுப்படுத்துகிற தெர்மோஸ்டாட்டை ஒரு டிகிரி குறைக்கச் சொன்னீர்கள், குறைத்தேன், வீட்டில் கொஞ்ச நாள் முணுமுணுத்தார்கள், அப்புறம் பழகிவிட்டது. எல்லாம் நல்ல யோசனைகள்தான், மறுக்கவில்லை. ஆனால் இத்தனை வருஷத்தில், இத்தனை பக்கங்களில், வீட்டுக்குப் பின்னால் குளிர்காலம் முழுமைக்குமான எண்ணெயைச் சுமந்துகொண்டு நிற்கிற அந்த டேங்கைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதியதில்லை.

எரிவாயுக் குழாய் வராத இடங்களில் வீட்டைச் சூடாக்க எண்ணெய்தான், எங்கள் வீட்டில் மண்ணெண்ணெய், உங்களுக்குத் தெரியாதது இல்லை. லாரி வரும், குழாயை இழுத்துக்கொண்டு பின்பக்கம் போவார்கள், நிரப்புவார்கள், சீட்டைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அதற்குப் பிறகு அந்த எண்ணெய் எங்கள் பொறுப்பு, மழையானாலும் பனியானாலும் திருடன் வந்தாலும். அந்தப் பொறுப்பை எப்படிச் சுமப்பது என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை, அதற்காகத்தான் இந்த மடல்.

எனக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். குளிர் உச்சத்தில் இருந்த ஒரு வாரம், விடியற்காலை ஐந்து மணி இருக்கும். மூக்கு நுனி சில்லிட்டு விழிப்பு வந்தது. வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்குகிற ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தால் சுவரை விடக் குளிர்ச்சியாக இருக்கிறது. எண்ணெயை எரித்து அந்த வெந்நீரைத் தருகிற பாய்லரில் சிவப்பு விளக்கு எரிகிறது. ரீசெட் பொத்தானை அழுத்தினேன், பர்னர் இரண்டு மூச்சு இழுத்துப் பார்த்துவிட்டு மறுபடி அடங்கிவிட்டது. சரி, ஏதோ அடைப்பு என்று நினைத்து டார்ச்சை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். பூட்டு தரையில் கிடந்தது, அதன் வளையம் ஒரே வெட்டில் துண்டாகியிருந்தது. டேங்கை மேலிருந்து கீழாக முஷ்டியால் தட்டிக்கொண்டே வந்தேன். எண்ணெய் இருக்கிற இடத்தில் சத்தம் மொத்தென்று கேட்கும், இல்லாத இடத்தில் வெறும் குடத்தைத் தட்டினதுபோல் கேட்கும். அடிவரைக்கும் குடம்தான். பத்து நாளைக்கு முன்னால்தான் நிரப்பியது, எப்படியும் 900 லிட்டர் இருந்திருக்க வேண்டும். உள்ளே போய் அம்மாவை எழுப்பி, எழுந்திருக்க வேண்டாம், இன்னொரு போர்வை தருகிறேன் என்று சொன்னபோது என் குரல் எப்படி இருந்தது என்று இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

எண்ணெய் வர எட்டு நாள் ஆனது. வந்த பிறகும் பாய்லர் உடனே எரியவில்லை. டேங்க் வற்றினால் குழாயில் காற்று ஏறிக்கொள்ளும், அடியில் படிந்திருந்த கசடு ஃபில்டருக்குள் போய்விடும், ஆள் வந்து ஃபில்டரை மாற்றிக் காற்றை எடுத்தால்தான் எரியும். அந்த எட்டு நாளும் ஒரே அறையில் ஒரே மின்சார ஹீட்டரை வைத்துக்கொண்டு எல்லோரும் இருந்தோம். காவல்துறையில் புகார் எழுதிக்கொண்டார்கள், வீட்டுக்கு வெளியே இருந்த பொருள் காணாமல் போனது என்ற பொதுத் தலைப்பில். இந்த வட்டாரத்தில் எத்தனை டேங்குகள் இப்படிக் காலியாகியிருக்கின்றன என்று கேட்டேன், எண்ணெய்க்கென்று தனிக் கணக்கு இல்லை என்றார்கள்.

இப்போது உங்கள் கையேட்டின் கணக்கையே போட்டுப் பார்ப்போம். ஒரு 60 வாட் பல்பை எடுத்துவிட்டு 8 வாட் எல்இடி போட்டால், தினம் ஐந்து மணி நேரம் எரிகிறது என்று வைத்தால், வருஷத்துக்கு மிச்சமாவது சுமார் 95 யூனிட். ஒரு லிட்டர் மண்ணெண்ணெயில் இருக்கிற வெப்பம் சுமார் 10 யூனிட். அப்படியென்றால் எங்கள் வீட்டிலிருந்து ஓர் இரவில் போனது 9,000 யூனிட். அந்த ஒரு பல்பு 95 வருஷம் எரிந்து மிச்சப்படுத்த வேண்டியது. தெர்மோஸ்டாட் கணக்கிலும் அப்படித்தான். ஒரு டிகிரி குறைத்தால் நூற்றுக்கு ஏழு பங்கு குறையும் என்று வைத்துக்கொள்ளுங்கள், வருஷத்துக்கு 2,000 லிட்டர் எரிக்கிற வீட்டில் அது 140 லிட்டர். ஆறு வருஷத்துக்கு மேல் நாங்கள் ஒரு டிகிரி குறைத்துக் குறைத்துச் சேர்த்ததை ஒரு மணி நேரத்தில் உறிஞ்சிக்கொண்டு போய்விட்டார்கள். பல்பும் டிகிரியும் சின்ன விஷயம் என்று நான் சொல்லவே இல்லை. காவல் இல்லாத சேமிப்பு சேமிப்பே இல்லை என்பதுதான் என் வாதம், அதை நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

அதற்கப்புறம் நான் செய்த முதல் காரியம் புதுப் பூட்டு வாங்கியது இல்லை. ஒரு மரக்குச்சியும் ஒரு நோட்டும் எடுத்து வைத்தேன்.

எங்கள் டேங்கின் உட்புறம் 120 செ.மீ. நீளம், 100 செ.மீ. அகலம், பக்கங்கள் நேராக இருக்கும். ஆகவே ஒரு செ.மீ. உயரம் என்றால் 12 லிட்டர். ஞாயிற்றுக்கிழமை காலையில் மூடியைத் திறந்து, சுத்தமான குச்சியை நேராக அடிவரை இறக்கி எடுத்து, நனைந்த உயரத்தை அளந்து எழுதுவேன். தேதி, செ.மீ., லிட்டர், அந்த வாரம் குளிர் எப்படி, அவ்வளவுதான், இரண்டு நிமிஷ வேலை. (உருளை வடிவ டேங்க் என்றால் இந்த நேர்க்கணக்கு வராது. அதைச் செய்த நிறுவனத்தின் அளவு அட்டையைப் பார்க்க வேண்டும்.) முதலில் திருட்டுப் பயத்தில்தான் தொடங்கினேன். ஆனால் திருடனை விட அதிகமாக என் வீட்டையே அந்த நோட்டு எனக்குக் காட்டிக்கொடுத்தது. வாரம் 4 செ.மீ. குறைந்துகொண்டிருந்தது ஒரு வாரம் 7 ஆனது, வெளியே குளிர் அதேதான். 36 லிட்டர் கூடுதல், எங்கே போனது? பூட்டு சரியாக இருக்கிறது, கசிவும் இல்லை. கடைசியில் பார்த்தால் நடுவில் ஒரு நாள் மின்சாரம் போய் வந்ததில் டைமர் கடிகாரம் குழம்பி, நாங்கள் தூங்குகிற நேரத்திலும் வீட்டில் யாருமே இல்லாத நேரத்திலும் பாய்லர் முழு மூச்சில் எரிந்துகொண்டிருந்திருக்கிறது. குச்சி இல்லையென்றால் அடுத்த முறை லாரி வரும்வரை அது எனக்குத் தெரிந்திருக்காது.

பக்கத்து வீட்டுக்காரர் என் குச்சியைப் பார்த்துவிட்டு அவரும் ஒன்று செய்துகொண்டார். அவர் டேங்கும் அதே அளவு. நடுக் கோடை, பாய்லரை அணைத்து வைத்திருக்கிறார், அப்படியும் வாரம் ஒரு செ.மீ. குறைகிறது. தேடினதில் டேங்கின் வால்வும் குழாயும் சேர்கிற இடத்தில், செடிக்கு மறைவாக, சொட்டு. ஐம்பது சொட்டு ஒரு மில்லி என்று வைத்தாலும், நொடிக்கு ஒரு சொட்டு ஒரு நாளைக்கு 1.7 லிட்டர், வாரத்துக்கு 12 லிட்டர், அதாவது சரியாக அந்த ஒரு செ.மீ. கண்ணுக்கு அது ஒன்றுமே இல்லாத மாதிரிதான் இருந்தது, குனிந்து பார்த்தால்தான் கல் மேல் பளபளவென்று ஒரு ஈரம். ஆனால் மண் அதையெல்லாம் குடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. மண்ணெண்ணெய் பூமிக்குள் போனால் போனதுதான் என்று இருந்துவிட முடியாது, கிணற்றுக்குப் போகும், ஓடைக்குப் போகும், நிலத்தடியில் போகிற பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாயின் சுவரையே ஊடுருவி உள்ளே போய்விடும், குழாயைத் திறந்தால் தண்ணீரில் எண்ணெய் வாடை அடிக்கும். அவருக்கு அந்த அளவுக்குப் போகவில்லை, ஆனாலும் மண்ணைத் தோண்டி எடுத்துப் போக வேண்டியிருந்தது.

டேங்கைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது ரொம்ப அதிகம் இல்லை, ஆனால் ஒவ்வொன்றும் முக்கியம். ஒற்றைச் சுவர் டேங்க் விரிசல் விட்டால் எண்ணெய் நேராக மண்ணுக்குத்தான். இரட்டைச் சுவர் டேங்கில், உள் டேங்கின் கொள்ளளவில் 110 சதவீதத்தைத் தாங்குகிற மாதிரி வெளிக்கூடு இருக்கும், உள்ளே உடைந்தாலும் வெளியே வராது. பிளாஸ்டிக் டேங்க் வருஷக்கணக்கில் வெயில் பட்டு வெளுத்து நொறுங்கும் பக்குவத்துக்கு வரும், மூலைகளில் முடி மாதிரி விரிசல் தெரிந்தால் தள்ளிப்போடக் கூடாது. இரும்பு டேங்க் வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும்போதே உள்ளே அடிப்பக்கம் துருப்பிடிக்கும். காரணம் தண்ணீர். எண்ணெயை விடத் தண்ணீர் கனம், ஆகவே உள்ளே வந்த ஒவ்வொரு துளியும் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். தளர்ந்த மூடி வழியாக மழை வருகிறது என்பது ஒன்று. பலருக்குத் தெரியாதது இன்னொன்று: பாதி காலியான டேங்க் பகலில் சூடாகிக் காற்றை வெளியே விடும், இரவில் குளிர்ந்து ஈரக்காற்றை உள்ளே இழுக்கும், அந்த ஈரம் சுவரில் வியர்த்து வழிந்து அடிக்குப் போகும். எண்ணெயும் தண்ணீரும் சந்திக்கிற அந்த இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து வழவழப்பாக ஒரு பாசிமாதிரி உண்டாகி ஃபில்டரை அடைக்கும். தண்ணீர் பட்டால் நிறம் மாறுகிற ஒரு பசை விற்கிறார்கள், குச்சியின் நுனியில் தடவி இறக்கினால் அடியில் எத்தனை செ.மீ. தண்ணீர் நிற்கிறது என்று தெரிந்துவிடும். வருஷத்துக்கு ஒரு தடவை போதும்.

பக்கவாட்டில் ஒளி ஊடுருவும் சின்னக் குழாய் வைத்து அளவு காட்டுகிற டேங்க் இருக்கிறவர்கள், பார்த்து முடித்ததும் அந்த வால்வை மூட வேண்டும். திறந்தே விட்டுவிட்டு அந்தக் குழாய் விரிசல் விட்டாலோ, யாராவது இடித்துவிட்டாலோ, மொத்த டேங்கும் அது வழியாகவே வடிந்துவிடும்.

திருட்டுக்கு வருவோம். பூட்டு திருடனைத் தடுக்காது, தாமதப்படுத்தும், ஆனால் தாமதமே அவனுக்குப் பிடிக்காதது. தெருவிலிருந்து பார்த்தால் டேங்க் தெரியக் கூடாது, வீட்டுக்குள்ளிருந்து பார்த்தால் தெரிய வேண்டும். இரண்டும் ஒன்றாக அமைவது கஷ்டம்தான், ஒரு தட்டி, ஒரு முள்செடி வரிசை, ஆள் நடமாடினால் எரிகிற விளக்கு என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். டேங்கைச் சுற்றி ஜல்லி போட்டால் நடக்கும்போது சத்தம் வரும். டேங்கின் மேல் பொருத்துகிற அல்ட்ராசோனிக் அளவுமானி ஒன்று இருக்கிறது, எண்ணெய் மட்டம் திடீரென்று இறங்கினால் வீட்டுக்குள் அலாரம் அடிக்கும். என் அனுபவத்தில் இருப்பதிலேயே உருப்படியான பொருள் அதுதான். மொத்தமாக வாங்கினால் மலிவு என்று டேங்கை விளிம்புவரை நிரப்பி வைப்பதில் ஆபத்தும் இருக்கிறது, திருடனுக்கு லாபம் கூடும், வெயிலில் எண்ணெய் விரிந்து வழியவும் செய்யும். ஆனால் ரொம்பக் குறைவாக வைத்தால் மேலே சொன்ன வியர்வைத் தண்ணீர். நடுவில் ஒரு அளவு பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

அடுத்து, உங்கள் கையேட்டின் அட்டைப்படம் பற்றிச் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். போர்வையைப் போர்த்திக்கொண்டு ஒரு வயதான அம்மா சிரிக்கிறார். குளிரில் உட்கார்ந்திருப்பது சேமிப்பு ஆகாது. 1977 பிப்ரவரி 2 அன்று அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் கம்பளிச் சட்டையோடு தொலைக்காட்சியில் தோன்றி வீட்டைப் பகலில் 65 டிகிரி ஃபாரன்ஹீட்டில் வையுங்கள் என்று கேட்டுக்கொண்டார், அது 18 டிகிரி செல்சியஸ் சொச்சம். உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் அதே 18ஐத்தான் சொல்கிறது, ஆனால் குறைந்தபட்சம் என்று சொல்கிறது, முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அதற்கு மேலும் தேவைப்படலாம் என்கிறது. சிக்கனமாக இருங்கள் என்பதற்கு கார்ட்டர் சொன்ன எண்ணும், இதற்குக் கீழே இறங்காதீர்கள் என்பதற்கு மருத்துவம் சொல்கிற எண்ணும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கிறது, அதைக் கவனியுங்கள். ஒரு டிகிரி குறையுங்கள் என்று எல்லோருக்கும் பொதுவாக எழுதும்போது, ஏற்கெனவே 16இல் நடுங்கிக்கொண்டிருக்கிற வீட்டுக்கும் அந்த வரி போய்ச் சேருகிறது. எண்ணெய் தீர்ந்துபோன வீட்டில் அடுப்புக்கரியை உள்ளே மூட்டி வைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள், அதிலிருந்து வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். இதையும் கையேட்டில் தடித்த எழுத்தில் போடுங்கள்.

குறைக்க வேண்டியது உடம்பின் சூட்டை இல்லை, வீணாகிற சூட்டை. முதலில் கூரைக்குக் கீழே, பரணில் காப்புப் பஞ்சு, அதுதான் போட்ட காசுக்கு அதிக பலன் தருவது. அப்புறம் சூடு வேண்டாத இடங்கள் வழியாகப் போகிற வெந்நீர்க் குழாய்களுக்கு உறை. கன்டென்சிங் பாய்லர் வைத்திருக்கிறவர்களுக்கு நீங்கள் சொல்லித் தராத ஒன்று: ரேடியேட்டர்களைச் சுற்றிவிட்டுத் திரும்பி வருகிற தண்ணீர் சுமார் 47 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் எண்ணெய்ப் புகையில் இருக்கிற நீராவி குளிர்ந்து அதன் வெப்பத்தையும் நமக்குக் கொடுக்கும். பாய்லரை 80இல் வைத்து ஓட்டினால் கன்டென்சிங் என்று வாங்கியதற்கே அர்த்தம் இல்லாமல் போகும். பழைய வகை பாய்லரில் இதைச் செய்யக் கூடாது, அந்த நீர் அமிலத் தன்மை உள்ளது, உள்ளே அரித்துவிடும். குளிக்கிற வெந்நீரைச் சேமிக்கிற சிலிண்டரை 60க்குக் கீழே இறக்கவும் கூடாது, நிமோனியாவை உண்டாக்குகிற லெஜியோனெல்லா கிருமி வளர இடம் கொடுத்ததாகிவிடும். இப்படி எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக் கூடாது என்று பிரித்துச் சொல்வதுதான் ஆலோசனை.

எண்ணெயே ஒழியப் போகிறது, எதற்கு இவ்வளவு என்று உங்களில் யாராவது கேட்கலாம். நியாயமான கேள்விதான். நார்வே 2020இலேயே கட்டடங்களைச் சூடாக்க எண்ணெய் எரிப்பதைத் தடை செய்துவிட்டது. டென்மார்க் 2013இலிருந்து புது வீடுகளில் எண்ணெய் பாய்லரை அனுமதிப்பதில்லை, 1973 எண்ணெய் நெருக்கடியில் பட்ட அடி அந்த நாட்டை அப்போதே வேறு வழி பார்க்க வைத்தது. காப்பு போட்டு வெப்பம் வெளியே போகாமல் கட்டுகிற ‘பாஸிவ் வீடு’களில் முதலாவது, ஜெர்மனியின் டார்ம்ஷ்டாட்டில் 1991இல் ஆட்கள் குடிவந்தது. அந்த வகை வீட்டுக்கான அளவுகோல்படி, ஒரு சதுர மீட்டரைச் சூடாக்க வருஷத்துக்கு அதிகபட்சம் 15 யூனிட், அதாவது ஒன்றரை லிட்டர் எண்ணெய்தான். காப்பே இல்லாத பழைய வீட்டில் அதைப் போலப் பத்து மடங்குக்கும் மேல் எரியும். அங்கே போய்ச் சேர எனக்கும் ஆசைதான். ஆனால் வெளிக்காற்றின் சூட்டை மின்சாரத்தால் வீட்டுக்குள் கொண்டுவருகிற ஹீட் பம்ப் வந்து சேரும்வரை, பரணில் பஞ்சு போடக் காசு சேரும்வரை, எங்கள் வீட்டுக்குப் பின்னால் டேங்க் இருக்கிறது. கடைசியில் அதை எடுக்கிற நாளிலும் அடிக்கசடைச் சரியாக வெளியேற்றாமல் செடிகளுக்கு நடுவே விட்டுவிட்டுப் போனால் அதுவும் ஒரு நாள் கசியும்.

நான் கேட்பது இவைதான். புது பாய்லருக்கு உதவித்தொகை கொடுக்கிற திட்டத்தில் டேங்க் அலாரத்தையும், ஒற்றைச் சுவர் டேங்கை மாற்றுவதையும் சேருங்கள். வாடகை வீடு என்றால் டேங்கின் நிலைக்கு வீட்டுக்காரர்தான் பொறுப்பு என்று எழுத்தில் கொண்டு வாருங்கள், ஏனென்றால் குடியிருப்பவர் எண்ணெய்க்குக் காசு கொடுக்கிறார், ஆனால் அந்த டேங்கை நகர்த்தவோ மாற்றவோ அவருக்கு உரிமை இல்லை. எண்ணெய் திருட்டுக்குத் தனிக் கணக்கு வைக்கும்படி காவல்துறையிடம் பேசுங்கள், எங்கே எப்போது நடக்கிறது என்று தெரிந்தால்தானே அடுத்த வீட்டை எச்சரிக்க முடியும். முதியவர்களும் கைக்குழந்தைகளும் இருக்கிற வீடு காலியானால் இரண்டு நாளுக்குள் கொஞ்சமாவது எண்ணெய் கொண்டுவந்து தர ஓர் ஏற்பாடு வேண்டும். எட்டு நாள் என்பது எங்களுக்கே தாங்கவில்லை, எங்களிடம் ஒரு ஹீட்டராவது இருந்தது.

கையேட்டில் இடம் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். கடைசிப் பக்கத்தைப் பாருங்கள், மேலே ‘குறிப்புகள்’ என்று போட்டுவிட்டு முழுப்பக்கத்தையும் வெறுமையாக விட்டிருக்கிறீர்கள், நாலு வருஷமாக. அதில் 52 வரி கோடு போட்டு, தேதி, செ.மீ., லிட்டர் என்று மூன்று கட்டம் பிரித்துக் கொடுங்கள். என் நோட்டின் நகல் ஒன்றை இந்த மடலோடு இணைத்திருக்கிறேன், கட்டம் எப்படி இருக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்ளலாம். அடுத்த கையேடு அச்சுக்குப் போவதற்குள் ஒரு பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஞாயிறுதோறும் டேங்கை அளக்கும் ஒரு வீட்டுக்காரர்